அண்டாவுக்கு எதற்கு ஆப்?

"ஆப் இல்லாத கடையெல்லாம் இந்தக் காலத்துல ஒரு கடையா தம்பி?"

மேசைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் கேட்டார். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் தங்கக் காப்பு. எதிரே ஸ்ரீநாத் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பழங்காநத்தத்திலேயே பெரிய பாத்திர வாடகைக் கடை அது. ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதில் மாப்பிள்ளை தவிர மற்ற எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். 'பதினோரு மணிக்கு வாங்க, முதலாளி இருப்பாங்க' என்று நேற்று போன் வந்ததும், இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஸ்ரீநாத்தின் கம்பெனியில் மொத்தமே ஒரு ஆள். மேனேஜிங் டைரக்டரும் அவனே, கூட்டிப் பெருக்குபவனும் அவனே. இன்றைக்கு இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. ஒன்றாம் தேதியிலிருந்து மாமனார் சௌந்தரராஜனின் ஜவுளிக் கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான்.

"ஆப் வேணாம்ணே. போன்ல திறக்குற மாதிரி ஒரு வெப்சைட் போதும்," என்றான்.

வயதில் மூத்தவரிடம் பேரைக் கேட்டால் மரியாதைக் குறைவு. 'அண்ணே' என்று ஆரம்பித்துவிட்டால் மதுரையில் முக்கால் வேலை முடிந்தது. மிச்சக் கால் வேலைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

"ஆப்புன்னா கஸ்டமர் போனுக்குள்ளயே கடை உக்காந்திருக்கும். ஆடித் தள்ளுபடின்னு இங்க ஒரு தட்டு தட்டுனா, அங்க மணி அடிக்கும். உன் வெப்சைட்டு அடிக்குமா?"

பதில் சொல்வதற்குள் 'டங்' என்று தரையிலிருந்து சத்தம். காதுகுத்துக்குப் போய்த் திரும்பிய அண்டாக்களை ஒரு அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டித் தட்டி நெளிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. முதலாளிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல."

"சரிப்பா," என்று அக்கா அண்டாவை ஒதுக்கிவிட்டுக் கரண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார். காப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, பால், காய்கறின்னா தினமும் வேணும். அதுக்கு ஆப் சரி. ஒருத்தர் பிள்ளைக்குக் காது குத்துறாரு, அண்டா எடுக்குறாரு. மறுபடி எடுக்கணும்னா அவரு இன்னொரு பிள்ளை பெத்தாகணும். அதுவரைக்கும் நம்ம ஆப்பைப் போன்ல வச்சிருப்பாரா?"

அக்கா பக்கமிருந்து சிரிப்பு வந்தது. காப்புக்காரர் சிரிக்கவில்லை.

"உனக்கு ஆப் செய்யத் தெரியாது. அதச் சொல்லு."

சுருக்கென்றது. "தெரியும்ணே. நாலு செஞ்சிருக்கேன்."

"வெப்சைட்டுக்கு எம்புட்டு கேப்ப?"

"முப்பதாயிரம்."

"ஆப்புன்னா ஒன்றரை லட்சம். அஞ்சு மடங்கு. ஆப்பே செஞ்சு தாரேன்னு ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி காவ்யஸ்ரீ. 'என்னாச்சு?'

'சரிண்ணே' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சாமர்த்தியசாலியாக இருந்தால் சொல்லியிருப்பான். அவனுடைய சாமர்த்தியத்தின் அளவு அவன் கம்பெனியைப் பார்த்தாலே தெரியும்.

"சொல்ல மாட்டேன்ணே. ஆப் செஞ்சா எனக்குக் காசு வரும், கடைக்கு ஆள் வராது."

"வாய் நல்லா பேசுது. செஞ்சு காட்டு."

ஸ்ரீநாத் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. சாதாரண ஜனங்க போன்ல என்ன நடக்கும்னு அண்ணனுக்குக் காட்டுறேன்."

காப்புக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "அவங்க போன் எதுக்கு? என் போன்ல காட்டு."

"உங்களது விலை கூடுன போன்ணே. அதுல எதைப் போட்டாலும் ஓடும்."

அக்கா கையைத் துடைத்துவிட்டு போனை நீட்டினார். ஸ்ரீநாத், தான் முன்பு செய்த ஓர் ஆப்பை அதில் இறக்கினான். பாதி வரை போனது, நின்றது. இடம் இல்லை என்றது.

"எதையும் அழிச்சிராதப்பா. எங்க குலசாமி கும்பிட்ட வீடியோ இருக்கு."

"பாத்தீங்களாண்ணே? அண்டாவுக்காக யாரும் சாமியை அழிக்க மாட்டாங்க."

அடுத்து, மாதிரிக்குச் செய்து வைத்திருந்த வெப்சைட்டின் முகவரியைத் தட்டினான். சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்ரீநாத்தின் கண்ணுக்குள் மாமனார் கடையின் சேலைகள் அடுக்கடுக்காக எழும்பின.

திறந்துவிட்டது.

அக்கா போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அண்டா, குண்டான், ஜமுக்காளம்.

"எந்தத் தேதிக்கு வேணும்னு இதுலயே போட்டுக்கிறலாமா?"

"போட்டுக்கலாம்க்கா. இறக்க வேண்டியதே இல்ல. வாட்ஸாப்ல இந்த லிங்க்கை அனுப்பினாப் போதும்."

ஸ்ரீநாத் காப்புக்காரர் பக்கம் திரும்பினான். "இப்ப சொல்லுங்கண்ணே. முடிவு உங்க கையில."

காப்புக்காரர் அக்காவைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காதான் எழுந்தார்.

"வெப்சைட்டே செஞ்சிரு தம்பி, நாளைக்கே என் கடை வேலையை ஆரம்பிச்சிரு," என்றவர் காப்புக்காரரைப் பார்த்தார். "பாண்டியராஜா, நீ ஆப் விக்க வந்து என் நாற்காலியில உக்காந்தாலும் உக்காந்த, நான் கேக்கணும்னு நினைச்ச கேள்வியெல்லாம் நீயே கேட்டுக் குடுத்திட்ட; டீ சொல்றேன், குடிச்சிட்டுக் கிளம்பு."