ஹிஸ்டரியில் ஃபெயில்

"பத்தாவதுல எதுல கோட்டை விட்டே?" என்று துப்புரவுப் பெண்ணிடம் ஒருமுறை கேட்டார், மெத்தப் படித்த நெட்வொர்க் இன்ஜினீயர்.

"ஹிஸ்டரி, சார்."

அறையே சிரித்தது.

இன்று அவர், சர்வர் இருக்கிறதா என்று கேட்கும் 'பிங்' கமாண்டைப் பத்து தடவை தட்டியும் சர்வர் பதில் சொல்லவில்லை.

"இவ துடைப்பம்தான் கேபிளைப் பிடுங்கியிருக்கும். முதல்ல இவளை வேலைய விட்டு அனுப்புங்க, மேடம்," என்றார் மேலாளரிடம்.

"போறேன் சார். முன்னாடி தட்டினதையெல்லாம் காட்டுமே, சார் தினம் தட்டுவாரே, அதை மட்டும் ஒருதரம் தட்டிப் பாருங்க மேடம்."

"எதை?"

"நான் ஃபெயிலானதைத்தான்."

மேலாளர் இன்ஜினீயரின் கம்ப்யூட்டரில் 'ஹிஸ்டரி' என்று தட்டினார். வந்த பட்டியலில் பத்து பிங்குக்கும் மேலே, அவற்றுக்கு முன்பே, அவர் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க்கைத் தானே அணைத்த கமாண்ட் இருந்தது.

அவள் துடைத்திருந்த ஈரத்தரையில் நுனிக்காலால் நடந்து இன்ஜினீயர் வெளியேறினார்.