பேக்கப்னா பத்திரம்

சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை. மழை பெய்ததாகவும் தோன்றுகிறது. ராயபுரத்தில் எங்கள் சரக்கு அலுவலகத்தின் ஜன்னல், போகிற ஒவ்வொரு கண்டெய்னர் லாரிக்கும் அதிர்கிறது. நிரம்பினால் பழைய கோப்புகளைத் தானே அழித்து இடம் பண்ணிக்கொள்ளும் பேக்கப் டிஸ்கில், இறந்துபோன தன் அப்பா பாடிய வீடியோவைத் தேடுகிறாள் எங்களோடு வேலை பார்க்கும் ஆன்சி. "அதுல ஏம்மா போட்ட?" என்று தலையில் அடித்துக்கொள்கிறான் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜோ. "போன்ல தொலைஞ்சிரும்னுதாண்ணா. பேக்கப்னா பத்திரம்னு நீதான சொல்லிகினு இருந்த?" "பில்லுக்குச் சொன்னேம்மா, அது கம்ப்யூட்டர்லயும் கீதே! பேஜாரு பண்றியே. வேற எங்கனா காப்பி எடுத்து வெச்சிகிறியா?" "இல்லண்ணா." டிஸ்கின் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. அவள் மவுஸை உருட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஜோ இப்போது மணலியில் வேலை பார்க்கிறான். ஆன்சி இங்கேதான் இருக்கிறாள். பில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவள் அப்பாவின் குரல் எங்கும் இல்லை.