எட்டுத் திருகாணிகள்

மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமென்று, இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் எஸ்டேட் ஆட்களுக்குக் கூரை வேய்ந்த பன்னிரண்டு வீடுகளைப் பொம்மை போலக் கட்டிக்கொடுத்திருந்தார். மாடிப்படிக்குத்தான் இடம் போதவில்லை. ஒருக்களித்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

கல்யாணமாகி அன்று அதில் ஒரு வீட்டுக்குக் குடிவந்த ஹெஸ்டர், மாடி அறையைப் பெருக்கும்போது அதைக் கவனித்தாள். தரைப் பலகைகள் எல்லாம் துருப்பிடித்த ஆணியில் நின்றன. நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் எட்டுத் திருகாணிகளில். எட்டும் பளபளத்தன.

"இந்தப் பலகையைக் கழட்டுறது கட்டில் ஏத்துறதுக்கா?" என்று எஸ்டேட் தச்சர் ஆமோஸிடம் கேட்டாள்.

"கட்டிலைப் பிரிச்சே ஏத்திட்டேனேம்மா."

"பீரோவுக்கா?"

ஆமோஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். "இந்தப் படியில எல்லாரும் வளைஞ்சு நெளிஞ்சு ஏறிடுறாங்க. கடைசித் தடவை இறங்கும்போதுதான் உடம்பு வளைய மாட்டேங்குது."

ஹெஸ்டர் குனிந்து ஒரு திருகாணியைத் தொட்டாள். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"எப்போ திறந்தீங்க?"

"போன மாசம்." அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதை எங்கே போடட்டும்?"

"அதுக்கு மேலேயே போடுங்க. யார் திறக்கணும்னாலும் முதல்ல எங்களை எழுப்பட்டும்."