வெள்ளிக்கிழமை எருமை

"தொடவே மாட்டேன்னு நேத்துதானே சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணின?" கெல்லிவில் வீட்டின் அடுப்படியிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள் ஹரிப்பிரியா.

பிரசன்னா போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "கத்தாத. லிமிட் வச்சுத்தான் ஆடினேன். அம்பது டாலர் போனதும் நிறுத்திட்டேன்."

"வீட்டு லோனை யாரு கட்டுவா? எந்த கேம்ல விட்ட?"

"ஆன்லைன் கேசினோல யானை, சிங்கம், எருமைன்னு மூணு இருந்துச்சு. எருமைல ஆடினேன்."

"எருமையா?" அவள் முகம் சிவந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். என் லிமிட் காலையிலயே தீர்ந்துபோச்சு. அதான் உன் அக்கவுண்ட்டுல ஆடினேன்."

கரண்டி பறந்தது.

"அந்த அக்கவுண்ட்டைத் தொடாதேன்னுதானேடா சத்தியம் வாங்கினேன்! சாயங்காலம் விளக்கேத்திட்டு அம்மனோட சிங்கத்துல போடலாம்னு வச்சிருந்த பணத்தை, வெள்ளிக்கிழமை அதுவுமா எமனோட எருமைல கொண்டுபோய்க் கொட்டியிருக்கியே!"