கம்பத் திடலில் ஒரு பொய்

‘கம்பத் திடலைச் சுத்திக் காட்டற கைடு தேவேந்திரன் பொய் சொல்றான். விசாரிக்கவும்.’

போஸ்ட் கார்டில் அவ்வளவுதான். எழுதியவர் பெயர் இல்லை. கம்பக்குப்பம் தபால் முத்திரை மட்டும் இருந்தது.

செங்கல்பட்டு சுற்றுலா ஆபீசில் அன்பரசி அதை இரண்டு முறை படித்தாள். கைடுகளுக்கு அனுமதி அட்டை கொடுப்பது அவள் வேலை. பிடுங்குவதும்தான்.

சனிக்கிழமை காலை மாமல்லபுரம் தாண்டி கம்பக்குப்பத்தில் இறங்கி, டூரிஸ்டுகளோடு டூரிஸ்டாக நின்றுகொண்டாள்.

கடலைப் பார்த்த பெரிய திடல். தேவேந்திரனுக்கு முப்பது தாண்டியிருக்கும்.

“இது டச்சுக்காரங்க காலத்துத் திடல். துணி மூட்டை, உப்பு மூட்டை எல்லாம் இங்கதான் குவிச்சு வெச்சு படகுல ஏத்துவாங்க. கூரை இல்லாம நிக்குதே, அது சுங்கச் சாவடி. இந்தக் கெணறு கடல்லேர்ந்து நூறடிதான். ஆனா தண்ணி இளநீ மாதிரி இருக்கும்.”

அன்பரசி கையிலிருந்த குறிப்போடு ஒப்பிட்டாள். எல்லாம் சரி.

நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் மேடை.

“கப்பலுக்குக் கொடி காட்டற கம்பம் இதுமேலதான் நின்னுது. அது விழுந்து நூறு வருசம் ஆச்சு. ஆனா எங்க குப்பத்துக்கு இது வேற கல்லு.”

அவன் குரல் இறங்கியது.

“சுனாமி அன்னிக்கு எனக்குப் பன்னெண்டு வயசு. அலை என்னை உருட்டிகினு போச்சு. சடையன்னு ஒரு மனுசன் இடுப்புல கவுறு கட்டிகினு இந்தக் கல்லுலேர்ந்து குதிச்சாரு. ஒம்போது பேரை இழுத்துப் போட்டாரு. ஒண்டி ஆளா. நான் உயிரோட நிக்கறது அவராலதான்.”

ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

‘இதுதானா விஷயம்’ என்று நினைத்தாள் அன்பரசி. ஆபீஸ் குறிப்பில் சடையனும் இல்லை, ஒன்பது பேரும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அடையாள அட்டையையும் போஸ்ட் கார்டையும் காட்டினாள். தேவேந்திரன் முகம் சுருங்கிவிட்டது.

“ஒரு வார்த்த பொய் இல்ல மேடம். சடையன் மாமா அதோ வலை பின்னிகினு கீறாரு. அவரையே கேளுங்க.”

படகு நிழலில் உட்கார்ந்திருந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கார்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

“பொய்தாம்மா. நான்தான் எழுதிப் போடச் சொன்னேன்.”

“மாமா?” என்றான் தேவேந்திரன்.

“அப்ப நீங்க யாரையும் காப்பாத்தலையா?” என்று கேட்டாள் அன்பரசி.

“குதிச்சது நான்தான். ஒம்போது பேரும் நெசம். ஒண்டி ஆளுன்றான் பாரு, அதான் பொய். இன்னொரு ஆளு இருந்துச்சுடான்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். நான் அடக்கமா பேசறேன்னு நெனச்சுக்கிறான். கண்ணு முழிச்சப்ப எதுர்ல என் மூஞ்சியப் பாத்தான். அதையே புடிச்சுகினான்.”

வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“இடுப்புல கவுறு கட்டினேன், சரி. அந்தாண்ட முனைய யாரு புடிச்சாங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?”

சடையன் திடல் பக்கம் கையைக் காட்டினார்.

“திடலைப் பெருக்க ஒரு பொம்பள வரும். ரோட்டுக்கு அந்தாண்ட காலனி. ஞாயித்துக்கெழம, சீக்கிரம் முடிச்சிட்டு சர்ச்சுக்குப் போவணும்னு பெருக்கிகினு இருந்துச்சு. எல்லாரும் ரோட்டைப் பாத்து ஓடறாங்க. அதுவும் ஓடியிருக்கலாம். ஓடல. கல்லைச் சுத்தி கவுத்தை வளைச்சுப் புடிச்சு, ஒம்போது வாட்டி என்னைக் கரைக்கு இழுத்துச்சு. ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு போச்சு.”

தேவேந்திரன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“மூணு வருசமா எங்க திடலைப் பெருக்கிச்சு. பேரு இன்னான்னு குப்பத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. நானும்தான். அன்னிக்கிதான் கேட்டேன். மேரின்னு சொல்லிச்சு.”

“இப்ப எங்க இருக்காங்க?” என்றாள் அன்பரசி.

“அச்சரப்பாக்கத்துல, மவ வூட்ல. அப்பப்ப போயி பாத்துட்டு வருவேன். திடலைப் பாக்க வெளியூர்லேர்ந்து எல்லாம் ஆளுங்க வராங்கன்னு போன மாசம் சொன்னேன். ‘நல்லா பெருக்கி வெக்கறாங்களா’ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தாங்கல. கார்டு போட்டேன்.”

அன்பரசி கார்டைப் பைக்குள் வைத்தாள்.

“அனுமதி அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும் தேவேந்திரன். கதையை மட்டும் திருத்திடுங்க.”

மறுநாள் முதல் பஸ்ஸில் தேவேந்திரனும் சடையனும் அச்சரப்பாக்கம் போனார்கள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேரியின் கைகளை எடுத்து, தேவேந்திரன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“யாருப்பா நீ?” என்றாள் மேரி.

சடையன்தான் சொன்னார். “அன்னிக்கி ஆறாவதா இழுத்தோமே, அந்த ஆளு.”

மேரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதானா நைனா அது? அந்த வாட்டி கவுறு கொஞ்சம் லேசா வந்துச்சு. ஐயோ, சின்னப் புள்ளையாச்சேன்னுதான் இன்னும் வேகமா இழுத்தேன்.”