கால்மணி நேரப் பிளாஸ்டர்

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாம்மா? உதிர்ந்தா பொறுக்கிக்க இங்க நாங்க ரெண்டு பேர் இருக்கோம்.”

மேட்ரன் கேட்டதும், பக்கத்து நாற்காலியில் இருந்த உதவி மேட்ரன் சிரித்தார். எதிரே நின்ற பயிற்சி நர்ஸ் சிரிக்கவில்லை. தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் அவளுடைய விருப்பப் படிவம் கிடந்தது. பயிற்சி முடிந்துவிட்டது, எந்த வார்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மதியத்துக்குள் மேட்ரன் கையெழுத்துப் போடாவிட்டால், ஆள் குறைவாக இருக்கும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போதைக்கு அந்த இடம் புறநோயாளிகள் பிரிவு. முந்நூறு பேர் கூட்டத்தில் நின்று தொண்டை கிழிய டோக்கன் எண் கத்தும் வேலை. அது இவளுக்கு ஒத்துவராது என்பது மேட்ரனுக்கும் தெரியும்.

“குழந்தைகள் வார்டுல போட்டுடலாமா? கூச்சம் தெளிஞ்சிடும்” என்றார் உதவி மேட்ரன்.

“குழந்தை அழுதா இவளும் கூட உக்காந்து அழுவா. ரெண்டு பேரையும் நாமதான் இடுப்புல தூக்கிக்கணும்.”

“பிரசவ வார்டு?”

“அங்க ‘முக்கும்மா, முக்கு’ன்னு கத்தணும். இவ காதோரம் வந்து ரகசியம் சொல்றதுக்குள்ள பிள்ளை பொறந்து பள்ளிக்கூடம் போயிடும்.”

“அப்போ ஆபரேஷன் தியேட்டர். நோயாளி மயக்கத்துல இருப்பாங்க, பேச வேண்டாம்.”

“நோயாளி மயக்கத்துல இருப்பாங்க, டாக்டர் மயக்கத்துல இருக்க மாட்டாரே!”

மேட்ரனின் வாய் அந்த ஆஸ்பத்திரியில் பிரசித்தம். தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டிருப்பவரைக்கூடப் பேச வைத்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். அது தெரிந்தும் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

“நேத்து என்ன பண்ணினா தெரியுமா?” என்று உதவி மேட்ரன் பக்கம் திரும்பினார். “ஒரு பெரியவர் கையிலேர்ந்து குளுக்கோஸ் ஏத்தின ஊசிக்குழாயை எடுக்கச் சொன்னேன். வெந்நீர்ல பஞ்சை நனைச்சு, நனைச்சு, அதுமேல ஒட்டின பிளாஸ்டரை நூல் நூலா உரிக்கிறா. கால் மணி நேரம்! நாப்பது கட்டில் காத்துக்கிட்டிருக்கு. நானா இருந்தா, ‘தாத்தா, பேரன் எந்த வகுப்பு?’ன்னு ஒரு கேள்வி, சர்ருனு ஒரு இழுப்பு, முடிஞ்சுது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?”

பேனா மூடியைக் கழற்றி, அப்போதுதான் படிவத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது.

“ஏழாம் வார்டா?”

டாக்டர்கள் கைவிட்டவர்களை, கடைசி வரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வார்டு அது. யாரும் கேட்டு வாங்கிப் போகாத இடம்.

“அங்க இருக்கிறவங்க வீட்டுக்குத் திரும்பி உன்மேல புகார் எழுத மாட்டாங்கன்னு பாத்தியா? நல்ல மூளைதான். ஆனா பக்கத்துல சொந்தக்காரங்க இருப்பாங்களே, அவங்களுக்கு என்ன ஆறுதல் சொல்லுவே?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேன், மேடம்.”

“அடேங்கப்பா, உதிர்ந்துடுச்சு முத்து! இன்னும் ஒண்ணு உதிர்த்துடு. பிளாஸ்டரை அப்படி உரிக்க எந்தப் புண்ணியவதி உனக்குக் கத்துக்குடுத்தா? பேரைச் சொல்லு, டோக்கன் கத்த அவளையும் உன்கூட அனுப்பறேன்.”

அவள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

“நீங்கதான், மேடம். நாலு வருஷம் முன்னாடி, ஏழாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில். எங்கம்மா கையிலேர்ந்து ஊசிக்குழாயை எடுத்தீங்க. இதே மாதிரி வெந்நீர்ல நனைச்சு, நனைச்சு. கால் மணி நேரம். ஒரு வார்த்தைகூடப் பேசல.”

மேட்ரன் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு கையெழுத்துப் போட்டு, அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஒலிபெருக்கி இப்படி ஓய்ந்து உதவி மேட்ரன் பார்த்ததேயில்லை. “அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தாங்கன்னா... உங்கம்மாவுக்கு ரொம்ப வலியோ?” என்றார் மெல்ல.

“வலி ஏது, சிஸ்டர்?” என்றாள் அவள், படிவத்தை மடித்தபடி. “அம்மா உயிர் போயி அரை மணி நேரம் ஆயிருந்துச்சு.”