ரேடியோ

“அசையாதீங்க சார், கத்தி கழுத்துல இருக்கு. எந்தக் காலேஜ்னு சொன்னீங்க?”

நாற்காலியில் இருந்தவர் முகம் நிறைய நுரையோடு மறுபடியும் சொன்னார். “பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, கவர்மெண்ட் காலேஜ். பையனுக்கு அங்க சிவில் கிடைச்சிருக்கு. பணம் கட்டி உறுதி பண்ண இன்னைக்கு சாயங்காலம்தான் கடைசி. பயல் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கான்.”

சலூன்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

அதே காலேஜ், அதே சிவில். அங்கே காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவருடைய மகளுடையது. யாராவது ஒருவர் ஒதுங்கினால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் தனியார் காலேஜ்தான் கதி. அங்கே கேட்கிற பணத்துக்குக் கடையை விற்று, சுழல் நாற்காலியோடு அவரையும் சேர்த்து விற்றாலும் பத்தாது.

“புதுசா வந்திருக்கீங்க போல?” என்று கேட்டுக்கொண்டே கத்தியைத் துடைத்தார்.

“எப்பவும் வீட்டுக்குப் பக்கத்துக் கடைதான். பையன்தான் இங்க நல்லாப் பண்றாங்கன்னு அனுப்பினான். நான் கட்டட கான்ட்ராக்டர். என் தொழிலைப் பார்த்துக்க அவன் சிவில் படிக்கணுமா இல்லையா? துரை என்னடான்னா, ஓவியக் கல்லூரியிலயும் ஒரு இடம் வாங்கி வச்சிட்டு, அங்கதான் போவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறான்.”

அந்த வட்டாரத்தில் சலூன்காரருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். துணி போர்த்தி உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து ஓடவும் முடியாது. ஆனால் புளுகுகிற ஆள் இல்லை. வழுக்கையைப் பார்த்து ‘லேசா முளைக்குது சார்’ என்று சொல்வதோடு சரி.

முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டின்போது மகள் அந்தக் காலேஜின் குறைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருந்தாள். கிடைக்காத இடத்தைத் திட்டி மனதைத் தேற்றிக்கொள்கிறாள் பாவம் என்று நினைத்து அவருக்குச் சோறே இறங்கவில்லை. இப்போது அத்தனையும் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

“நல்ல காலேஜ்தான் சார். அந்த ஹாஸ்டல்தான்...” என்று இழுத்தார்.

“ஹாஸ்டலுக்கு என்ன?”

“பேசாதீங்க சார், மீசை போயிடும். ஒரு ரூமுக்கு ஆறு பேராம். மூட்டைப்பூச்சி கணக்கு தனி. தண்ணி வர்ற அன்னைக்கு வாத்தியார் வரமாட்டாராம், வாத்தியார் வர்ற அன்னைக்குத் தண்ணி வராதாம்.”

கான்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேடியோ அவர் மோவாயை அன்போடு பிடித்து மேலே தூக்கினார்.

“நான் ஒண்ணு கேக்கறேன் சார். சிவில் படிச்ச ஆள் வேணும்னா நாளைக்கே சம்பளத்துக்கு வச்சுக்கலாம். வரையிற கை அப்படிக் கிடைக்குமா? வீடு கட்ட வர்றவங்க முதல்ல என்ன கேக்கறாங்க? ‘முகப்பு எப்படி இருக்கும், காட்டுங்க’ன்னுதானே? பையன் வரைஞ்சு காட்டட்டும், நீங்க கட்டுங்க. தொழில் உங்க வீட்டை விட்டு எங்க போயிடப் போகுது?”

சொல்லி முடித்தபோது அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

கான்ட்ராக்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, நுரை இல்லாத கன்னத்தில் போனை வைத்தார்.

“டேய்... அந்த சிவிலை வேண்டாம்னு போட்டுடு. நிஜமாத்தாண்டா சொல்றேன். டேய், எதுக்குடா அழறே?”

போனில் கேட்ட அந்த அழுகை ரேடியோவை என்னவோ செய்தது. ஜெயித்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. ஓவியம் என்றது வாய்தான் போலிருக்கிறது, கையில் இருந்த இடம் போனதும் பையன் அழுகிறானே, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கத்தரித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கான்ட்ராக்டர் நீட்டிய காசை வாங்க அவருக்குக் கை வரவில்லை.

“முதல் தடவை வந்திருக்கீங்க, இருக்கட்டும் சார்” என்று சமாளித்து அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இடம் கிடைச்சிடுச்சு! கவர்மெண்ட் காலேஜ்! பணமும் கட்டியாச்சு!”

அவர் சிரிக்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்தார்.

“கண்ணு, அது தானா வரலைம்மா. உங்கப்பன் வாயால அடிச்சுப் பறிச்சது” என்று நடந்ததையெல்லாம் கொட்டினார். “அந்தப் பையன் போன்ல அழுதது காதுலயே இருக்கு. இப்படி வந்த இடம் நமக்கு வேண்டாம். அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்.”

அவர் எழுந்து செருப்பை மாட்டியதும் மகள் பாய்ந்து வாசலை மறித்தாள்.

“காரியத்தைக் கெடுத்துடாதீங்கப்பா! அவன் என் கிளாஸ்தான். சந்தோஷத்துல அழுதிருக்கான். மாசக்கணக்கா கெஞ்சியும் அவங்கப்பா மசியலை. ‘உங்கப்பாவை எங்கப்பா நாற்காலியில உட்கார மட்டும் வச்சிடு, மீதியை ரேடியோ பார்த்துக்கும்’னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இல்லைன்னா நேத்து ராத்திரி அவ்வளவு மூட்டைப்பூச்சியை எதுக்குப்பா உங்க காதுல விட்டேன்?”